இசக்கிமுத்து போட்ட ஜிங்க்

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில், பெருமாள் கோயில் படிக்கட்டுக்குக் கீழே, எரிகிற சூடத்தை இசக்கிமுத்து உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

“பெருமாள் சாட்சியாச் சொல்லுதேன். ஜிங்க்கை நான் விக்கலை. வயல்லதான் எறிஞ்சேன்” என்றான்.

சேத்தூரிலிருந்து வேனில் வந்திருந்த சனமெல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அவன் மனைவி குருவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தியம் கேட்டவர் விஜயபாண்டி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, சேத்தூரில் நெல் போடுகிறவர். “ஏலே களவாணி, சூடத்தை அணைலே பாப்போம்” என்று அவர் போட்ட சத்தத்தில், மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்த பிள்ளைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டன.

நடவுக்கு முன்னால் ஜிங்க் சல்பேட் உர மூட்டையைத் தன்னிடம் கூலி வேலை பார்த்த இசக்கிமுத்துவிடம் கொடுத்து, வயலில் தூவி எறியச் சொல்லிவிட்டு, விஜயபாண்டி ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்கு பஸ் ஏறியிருந்தார். நட்ட மூன்றாம் வாரம் பயிர் வளர்த்தி இல்லாமல் குன்றி நின்றது. இலையெல்லாம் துருப் பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். ஜிங்க் சத்து இல்லாவிட்டால் அப்படித்தான் வரும் என்பது அவருக்கும் தெரியும். அதே கடையில் வாங்கிப் போட்ட பக்கத்து வயலோ பச்சைப் பசேலென்று நிற்கிறது. இசக்கிமுத்து வீட்டு ஆட்டுக் கொட்டகையில் அந்த ஜிங்க் சாக்கு தொங்குகிறது. காலிச் சாக்கு, மழைக்கு ஆகும் என்று எடுத்துப் போனேன் என்றான் அவன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. விஜயபாண்டி நம்பவில்லை, சூடத்தை அணைத்த பிறகும் நம்பவில்லை. அதன் பிறகு ஊரில் ஒருவரும் இசக்கிமுத்துவை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் வேளாண்மை அலுவலர் வெங்கடேஸ்வரி வயலைப் பார்க்க வந்தார்.

“ஜிங்க் எப்படிப் போட்டீங்க?”

“அவன் எங்க போட்டான்? டிஏபி உரத்தோட சேத்துக் கலந்து எறிலேன்னு சொல்லிட்டுப் போனேன். ரெண்டு வேலையை ஒண்ணா முடிச்சிரலாம்லா. வித்துத் தின்னுட்டான்.”

“டிஏபியோடயா? எதுல கலந்தாங்க?”

மோட்டார் ரூமில் இருந்த இரும்புச் சட்டியை விஜயபாண்டி காட்டினார். அதைக் கழுவியிருக்கவில்லை. அடியில் டிஏபி குருணையும் வெள்ளை ஜிங்க்கும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக் கிடந்தன. வெங்கடேஸ்வரி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“போட்டிருக்காரு சார். நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்காரு. அதுதான் தப்பு. டிஏபியில இருக்கிற மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், ஜிங்க்கைப் பிடிச்சுக்கிடும். ரெண்டும் சேந்தா லேசுல தண்ணியில கரையாது. கரைஞ்சதைத்தான வேர் உறிஞ்சும்? உங்க மண்ணு வேற சுண்ணாம்பு மண்ணு. பக்கத்து வயல்ல மணல்ல கலந்து தனியா எறிஞ்சிருக்காங்க.”

“அப்ப அம்புட்டு ஜிங்க்கும்...”

“இந்தச் சேத்துலதான் கிடக்கு. பயிருக்குத்தான் எட்டலை. இனிமே புதுசா ஜிங்க் வாங்கித் தண்ணியில கரைச்சு இலையில தெளிங்க, தேறிரும்.”

விஜயபாண்டி சட்டியை வாங்கித் தானும் சுரண்டிப் பார்த்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். அந்தப் பாவம் தன்னுடையது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

ஜிங்க்கைக் கரைத்துத் தெளித்தார். பயிர் பச்சை கட்டக் கட்ட அவருக்கு வெட்கம் கூடிக்கொண்டே போனது. இது தேறாமல் செத்துத் தொலைந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காதே என்றுகூட ஒருநாள் நினைத்தார். நினைத்ததற்காகவும் கூசிப்போனார்.

இசக்கிமுத்து இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் லோடு தூக்கப் போவதாகச் சொன்னார்கள். சேத்தூரில் வைத்துத் தன் தப்பைச் சொல்ல மனிதருக்குத் துணிச்சல் இல்லை. பட்டாளத்துக்காரர்தான், ஆனால் வெட்கத்துக்கு யார் பயிற்சி கொடுக்கிறார்கள்? ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயங்காலம் அவனைத் தனியாகப் பிடித்தார். தலையைக் குனிந்துகொண்டு, “இசக்கி, தப்பு எம்மேலதான்டே. மனசுல வச்சுக்கிடாத” என்று முணுமுணுத்தார்.

இசக்கிமுத்து கோபப்படவில்லை. “அண்ணாச்சி, அன்னைக்குக் கோயில்ல நீங்க சொன்னது சனம் அம்புட்டுக்கும் கேட்டுச்சு. இன்னைக்குப் பக்கத்துல நிக்கிற எனக்கே சரியாக் கேக்கலை” என்றான். சேத்தூர் பஸ் வந்தது. ஏறிவிட்டான்.

பஸ் நிறைய ஊர்ச்சனம். கோயிலில் வேடிக்கை பார்த்த முகங்கள் பாதி அதில் இருந்தன. விஜயபாண்டிக்கு அப்படியே நழுவி அடுத்த பஸ்ஸில் போய்விடலாமா என்றிருந்தது. கம்பியைப் பிடித்து ஏறினார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் பார்த்துத் திரும்பினார்.

“செத்த நேரம் எல்லாரும் கேளுங்க. இசக்கிமுத்து களவாணி இல்ல. ஜிங்க்கை அவன் வயல்லதான் போட்டான். கலக்கச் சொல்லிக் கெடுத்தது நான். சூடம் அணைக்க வச்சதும் நான்தான்.”

கடைசி சீட்டிலிருந்து ஒரு பெரியவர் காதுக்குக் கையைக் கொடுத்து, “என்ன சொல்லுதாரு? இங்க ஒண்ணும் கேக்கலையே” என்றார்.

விஜயபாண்டி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.