ஃப்ரெஹா கேட்ட எண்ணெய்

மெழுகுவர்த்திப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு மெனாஷே கை கழுவப் போனார். எட்டு நாள் விளக்கேற்றும் எங்கள் ஹனுக்கா பண்டிகையின் முதல் மாலை. எங்களுக்குக் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் இந்த வீட்டு விளக்கில் மெழுகு எரிந்ததே கிடையாது. ஆலிவ் எண்ணெய்தான். சஃபேத் ஊரில் எங்கள் தெரு முழுவதற்கும் எண்ணெய் விற்றவர் அவர்.

என்ன எண்ணெய் என்பது போன வருஷம் வெளியே வந்தது. பாதிக்குப் பாதி சோயா எண்ணெயைக் கலந்து, விளக்குக்கென்றே பிழிந்தது என்று சொல்லி விற்றிருக்கிறார். எனக்கே தெரியாது. கடையை மூடினோம். ஜெப ஆலயத்தில் அவர் உட்காரும் பெஞ்சில் இப்போது வேறு யாரும் உட்காருவதில்லை. எதிர்வீட்டு ஃப்ரெஹா மட்டும் நேராக வாசலுக்கு வந்தாள். அவள் புருஷனுக்காகத் துக்கம் காத்த ஏழு நாளும் எரிந்தது எங்கள் கடை எண்ணெய். “செத்தவருக்கு ஏத்துற விளக்குலயுமா?” என்று கேட்டாள். அதன்பின் பேச்சே இல்லை. என்னைத் தெருவில் கண்டாலே ஜன்னலைச் சாத்துவாள்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் மெனாஷே வாசலோர ஆலிவ் மரத்துக் காய்களைப் பறித்தார். கல்லால் நசுக்கி, துணியில் கட்டி, மேலே பாரம் வைத்து, வடிந்த தண்ணீரில் மிதந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்தார். மூன்று நாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

“ஆலைல குடுத்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமே” என்றேன்.

“ஒரு தடவையாவது கலக்காம எடுத்துப் பாக்கணும், மசல்.”

ஒரே ஒரு சின்னப் புட்டி தேறியது. மூடிமேல் மெழுகு உருக்கி ஊற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதைத்தான் ஏற்றுவார் என்று நினைத்திருந்தேன். “இந்தக் கையால எடுத்ததை ஏத்திட்டு ஆசீர்வாதம் சொல்ல வாய் வரல” என்று சொல்லி மெழுகுவர்த்தி வாங்கி வந்துவிட்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. ஃப்ரெஹா. கையில் ஒரு காலிக் கண்ணாடிக் கிண்ணம்.

“எண்ணெய் இருக்கா?”

மெனாஷே ஈரக் கையோடு நின்றார். “கடை மூடியாச்சுக்கா. சந்தைல நல்லதா கிடைக்கும்.”

“சந்தைக்கு எனக்கு வழி தெரியாதா? மூணு நாளா வாசல் மரத்தடில பிழிஞ்சியே, அதைக் கேட்டேன்.”

“உங்களுக்கு எப்படி…”

“சாத்தின ஜன்னல்ல இடுக்கு இருக்குல்ல? எல்லாம் பாத்தேன். கல்லைக் கீழ போட்டுட்டு அழுதியே, அதையும்.”

அவர் அழுதது எனக்குத் தெரியாது.

“என் கை பட்டதுக்கா. உங்க விளக்குக்கு வேணாம்.”

“இந்தப் பண்டிகையே எதுக்கு? அந்தக் காலத்துல கிரேக்கன் நம்ம கோயில் எண்ணெய் மொத்தத்தையும் தீட்டாக்கிட்டுப் போனான். எட்டு நாள் எரிஞ்சுதே, முத்திரை உடையாத அந்த ஒரு ஜாடி, அது எங்க கிடைச்சுது? வானத்துலேருந்தா விழுந்துச்சு? அந்தத் தீட்டு ஜாடிங்களுக்கு நடுவுலதானே கிடந்துச்சு! எவன் கையும் படாத ஜாடி ஒண்ணு எல்லாருக்குள்ளயும் இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு. உனக்குள்ள இருக்கான்னு எனக்குத் தெரியாது.” மூச்சு வாங்கினாள். “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. அது இன்னும் ஆகல. எண்ணெயைக் குடு.”

அவர் புட்டியை இறக்கி, நகத்தால் மெழுகைக் கீறித் திறந்தார். கிண்ணத்தில் ஊற்றினார். இப்போதெல்லாம் இந்தத் தெருவில் யாரும் நாக்கில் தொட்டுப் பார்க்காமல் எண்ணெய் வாங்குவதில்லை. ஃப்ரெஹா தொட்டுப் பார்க்கவில்லை.

“படியேறினா கொட்டிடுவேன். நீயே கொண்டு வா.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் தெருவைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனார், கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் வாசலில் நின்றேன். ஃப்ரெஹா கிண்ணத்தில் திரியிட்டு, கதவோரத் திட்டில் வைத்து ஆசீர்வாதம் சொன்னாள். அவர் ‘ஆமென்’ சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்ததுதான் தெரிந்தது. திரி பற்றியது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி வந்து சுடரைப் படுக்க வைத்தது. மெனாஷே சட்டென்று குனிந்து இரண்டு உள்ளங்கையையும் குவித்துச் சுற்றி வைத்தார். ஃப்ரெஹா பக்கத்தில் நின்றாள். அவருடைய விரல்களின் ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. காற்று அடித்துக்கொண்டே இருந்தது.