சாம்பிள் மட்டும் பச்சை

போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் யோகராஜ் சார் மெஷின் லேர்னிங் வகுப்பு நடத்துகிறார். முன்பு ஏலக்காய் புரோக்கராக இருந்தார். அந்தத் தொழிலில் அவரை யாரும் நம்பியதாகக் கேள்வி இல்லை. பத்தாவதோடு பள்ளியை விட்ட என்னை, அறையைக் கூட்டவும் கம்ப்யூட்டர்களைத் தயார் செய்து வைக்கவும் சேர்த்துக்கொண்டார்.

பாடமெல்லாம் நோட்புக்குகளில் இருக்கும். காகித நோட்டு அல்ல, கம்ப்யூட்டரில் திறப்பது. ஒரு கட்டத்தில் நிரல், அதன் கீழே பச்சை எண்களில் விடை. நிரல் செத்துப்போன பிறகும் பழைய விடை கீழே அப்படியே நிற்கும். இந்த ஒரு வசதியில்தான் சாருடைய பிழைப்பு ஓடியது.

ஏலக்காய்ப் படத்தைக் காட்டினால் தரம் சொல்லும் நோட்புக்தான் அவருடைய பெருமை. என்றோ ஒருநாள் அவருடைய சொந்த லேப்டாப்பில் அது ஓடியதாம். பிறகு நிரல் நம்பியிருந்த லைப்ரரிகளின் வெர்ஷன் மாறியது. எந்த வெர்ஷனில் எழுதினோம் என்று அவர் குறித்து வைக்கவில்லை. படங்களையும் தன் லேப்டாப்பைவிட்டு வெளியே எடுக்கவில்லை. மாணவர்கள் யாராவது ஓடவிட்டு, சிவப்பாகப் பிழை வந்துவிட்டால், பழைய விடைகள் உள்ள பிரதியை அதன்மேல் போட்டு மூட வேண்டும். அது என் சோலி. சார் அதைப் பராமரிப்பு என்பார்.

ஏன் சார் முதலிலிருந்து ஓட்டிக் காட்டுவதில்லை என்று மாணவி சந்திரவல்லி ஒருமுறை கேட்டாள்.

"ஏலத்துல எவனாச்சும் மூட்டையக் கொட்டிப் பாக்குறானா? சாம்பிளத்தான பாக்குறான். சாம்பிள் பச்சையா இருந்தாப் போதும்த்தா."

இன்ஜினியரிங் முடித்தவர்களெல்லாம் தலையாட்டினார்கள். ஒருவன் அதை எழுதிக்கூடக் கொண்டான்.

சந்திரவல்லி குரங்கணிக்காரி. கல்லூரி முடித்திருந்தாள். அவள் அம்மா தினமும் கூலியாட்கள் ஜீப்பில் போய், பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுக்கிறார். கோயம்புத்தூர்க் கம்பெனி வேலை கிடைக்காவிட்டால் மகளும் அதே ஜீப்பில் ஏற வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஊரில் சிக்னல் நிற்காததால் வீடியோ இன்டர்வியூவுக்கு எங்கள் மாடிக்கே வந்தாள். சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்பு லேப்டாப்புக்குப் பின்னால் நின்றார். கல்யாண வீட்டில் பெண்ணைப் பெற்றவர்கூட அப்படி நிற்கமாட்டார்.

ஏலக்காய் நோட்புக்கைத் திறந்து காட்டி, கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரருக்குத் திருப்தி என்று குரலிலேயே தெரிந்தது. பிறகு அவர், விடைகளையெல்லாம் அழித்துவிட்டு நோட்புக்கை மேலிருந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்.

சார் இரண்டு கைகளையும் ஆட்டி வேண்டாம் என்றார். சந்திரவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். பச்சை எண்களெல்லாம் மறைந்தன. இரண்டாவது கட்டத்திலேயே சிவப்பு. படங்கள் இருக்க வேண்டிய 'யோகு' என்ற ஃபோல்டரைக் காணோம் என்றது.

"யாருங்க அந்த யோகு?"

"எங்க சாரு. இந்தா நிக்கிறாரு, அவர்கிட்டயே கேளுங்க." லேப்டாப்பை அப்படியே அவர் பக்கம் திருப்பினாள்.

சார் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம், சத்தியமாக, அந்தச் சாம்பிள் கதையை அங்கேயும் ஆரம்பித்தார். கோயம்புத்தூர்க்காரர் முழுவதையும் கேட்டுவிட்டு மரியாதையாக நன்றி சொன்னார். அந்த மரியாதையிலேயே வேலை போய்விட்டது.

"கவுத்துட்டியேத்தா. நெட்டு இல்லைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான."

"நெட்டு இல்லாமயா சார் இம்புட்டு நேரம் அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் புது பேட்சு வருகிறது, வெரசாகப் பழைய பிரதியைப் போட்டு வை என்று சொல்லிவிட்டு சார் டீ குடிக்கப் போனார். நான் அந்தச் சிவப்போடு சேர்த்தே சேமித்தேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதையே போட்டேன். பழைய பிரதியைத் தேடித் தேடி அழித்தேன்.

சாயங்காலம் திறந்தவர்களுக்கெல்லாம் சிவப்புதான் தெரிந்தது. இது என்ன என்று ஒருவன் கேட்டான். அன்றோடு கடைக்குப் பூட்டு என்று நினைத்தேன். சார் அசரவில்லை.

"இன்னைக்குப் பாடமே இதுதான். எரர்னா என்னன்னு பாப்போம்."

எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

மறுவாரம் சந்திரவல்லி அம்மாவோடு பூப்பாறை ஜீப்பில் ஏறினாள்.