தலைமாட்டுப் பலகை

வேம்புலி கிட்டார் செய்கிறான் என்பது பாரிவாக்கத்தில் அவன் தெருவுக்கே சிரிப்பாக இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதவர் பாக்கியில்லை. ஒரு கல்யாணத்தில் மெல்லிசைக் குழுக்காரனின் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்த்ததிலிருந்து பிடித்த பித்து. அதன் உருவத்தை அட்டையில் வரைந்துகொண்டு வந்தான். கழுத்தைச் செதுக்கினான். பக்கப் பலகைகளைச் சூடான குழாயில் வைத்து வளைத்தான். இனி முதுகுப் பலகை மட்டும்தான் பாக்கி.

அதற்கு ரோஸ்வுட் வேண்டும். வீட்டில் அது ஒரே இடத்தில் இருந்தது. மனைவி கஸ்தூரிக்குச் சீராக வந்த கட்டிலின் தலைமாட்டில்.

கேட்டபோது கஸ்தூரி சண்டை போடவில்லை. அந்தப் பலகையில் கீறல் விழக் கூடாதென்று அவள் அப்பா சாக்கு சுற்றித் தலையில் சுமந்துகொண்டு வந்ததை மட்டும் சொன்னாள். பல மாதம் கழித்து ஒரு நாள் அவளே ஸ்க்ரூவைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"எட்த்துக்கோ. ஆனா முடிச்சிடணும். பாதில உட்டேன்னா அப்பால இந்த ஊட்ல என் சாமான் எதையும் தொடாத."

பலகையின் கனத்தைப் பிளந்து இரண்டு தகடாக்க வேண்டும். புத்தகம் போல விரித்து ஒட்டினால் இந்தப் பக்க ரேகைக்கு அந்தப் பக்கம் ஜோடி நிற்கும். வேறொரு பலகையைக் கைரம்பத்தில் அறுத்துப் பார்த்தான். ரம்பம் கோணிக்கொண்டு போனது. பூந்தமல்லி மரவாடியில் பெரிய ரம்பம் ஓட்டும் உஸ்மான் கனி பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அவனால் முடியும். ஆனால் நேரம் சேரவில்லை. மின்வெட்டு வந்ததிலிருந்து வேம்புலியின் கம்பெனியில் லீவு நாளை மாற்றி மாற்றி விட்டார்கள். அவனுக்கு லீவென்றால் மரவாடியில் கரண்ட் இருக்காது. அங்கே கரண்ட் இருந்தால் இவனுக்கு ஷிப்ட். பலகை பழைய புடவைக்குள் கிடந்தது.

கடைசியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வாய்த்தது. அன்று இரண்டு இடத்திலும் பாதி நாள் வேலை. பலகையை முன்னாடியே கொடுத்துவிட்டு வந்தான். காலையில் புது பிளேடு போட்டு அறுத்து வைப்பதாகவும், வெள்ளிக்கிழமை என்பதால் தான் ஜும்மாவுக்குப் போகுமுன் வந்து வாங்கிக்கொள்ளும்படியும் உஸ்மான் சொல்லியிருந்தான்.

கம்பெனியில் லேத்தைத் துடைத்துப் பொட்டு வைத்ததெல்லாம் சீக்கிரமே முடிந்தது. முதலாளி வராமல் கற்பூரம் ஏற்றக் கூடாது, ஏற்றாமல் கேட்டைத் திறக்கக் கூடாது. அவர் சாவகாசமாக வந்தார். வேம்புலி வெயிலில் சைக்கிளை மிதித்துப் பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது மரவாடியில் பூஜையே முடிந்திருந்தது. கழுவிவிட்ட ரம்பத்துக்குச் சந்தனமும் சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஆட்களுக்காகப் பொரியும் தேங்காயும் வாங்கித் தரும் மரவாடிக்காரர் பக்கீர் முகமது ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தூள் கூட்டும் முனியம்மா, சூடான சுண்டலை இலையில் வைத்து நீட்டினாள். நல்ல பசி. சாப்பிட்டான். நன்றாக இருந்ததென்று சொல்லவும் சொன்னான்.

அதற்குள் உஸ்மான் பள்ளிவாசலிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தான்.

"மாமே, ரெண்டும் அப்பளம் மாரி வந்துகீது. அந்தச் செவுத்தாண்ட சாய்ச்சி வெச்சிகீறேன், பாரு."

சுவரோரம் ஒன்றும் இல்லை.

அந்த மரவாடியில் விரல் கனத்துக்குக் குறைந்ததெல்லாம் அடுப்புக்கு என்பது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மெல்லிசாக ஒன்றை வேண்டுமென்றே அறுப்பார்கள் என்று யார் கண்டது? உஸ்மானும் அங்கே இத்தனை வருஷம் அப்படித்தான் ஓரம் கழித்துப் போட்டிருக்கிறான். இன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

"அந்தச் சில்லுங்களா?" என்றாள் முனியம்மா. "சுண்டலுக்கு வெச்சி எரிச்சிட்டேனே, நைனா. வாசனையா எரிஞ்சிது."

அடுப்பில் சாம்பலும், கருகிய ஓரத்துடன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டும் கிடந்தன. அதில் ரேகை அழகாக ஓடியிருந்தது. உஸ்மான் அதை எடுத்துச் சாம்பலைத் தட்டினான். பிறகு, "நீ சொன்ன நேரத்துக்கு வந்திருந்தீனா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். எந்தத் தேக்குப் பலகை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றார் பக்கீர் முகமது. வேம்புலிக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. முனியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சச் சுண்டலை எல்லாம் பொட்டலம் கட்டி அவன் கையில் திணித்தாள்.

வீட்டு வாசலிலேயே கஸ்தூரி நின்றிருந்தாள்.

"அறுத்தாச்சா?"

"ஆச்சி."

"எங்க?"

"அங்கயே கீது. காயணும்."

அவள் பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டாள். பதமாக வெந்திருக்கிறதென்றாள். கிட்டாரைப் பற்றி அவளாக ஒரு வார்த்தை பேசி அவன் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"முடிஞ்சதும் எங்கப்பாவ இட்டுகினு வரணும். அவுரு பலகை இன்னாவாச்சின்னு அவுரே பாக்கட்டும்."

வேம்புலி சரி என்றான். அவள் இன்னொரு பிடி சுண்டலை அள்ளி அவன் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு மென்றான்.