எவாரிஸ்தோ கையசைத்து வழியனுப்பியது

அல்தாக்ராசியா மாதாவின் மேல் சத்தியம்: இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொன்னதில்லை.

எழுபத்தொன்பது வயதில் எவாரிஸ்தோவுக்குத் தன் எலும்புகளின் மேல் அருவருப்பு வந்துவிட்டது. ஜனவரியில் தும்மினார், விலாவில் ஒன்று போயிற்று. தவக்காலத்தில் புரண்டு படுத்தார், காறையெலும்பு முறிந்தது. புளித்த மாவுக்குக்கூடக் கொஞ்சம் மானம் இருக்கும் என்று எண்ணித் துப்பினார்.

தலைநகரிலிருந்த மகள் யோகாஸ்தா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரே ஒரு எலும்பு ஒடையட்டும்ப்பா, மூட்டை கட்டி என் அஞ்சாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அந்த வீட்டில் மூன்று பூனைகள், உப்பில்லாத வாழைக்காய் மசியல், டோமினோ கிடையாது. மூத்திர நாற்றம் மட்டும் தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சோதிக்கவே வந்தாள். மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆட்டம் நடந்தது. எங்கள் ஊர் சான் பெத்ரோவில் காயை மெல்ல வைப்பவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. மேசை அதிர அறைய வேண்டும். எதிரே அவருடைய ஜோடி நிகானோர், பொரித்த பன்றித்தோலை மென்றபடியே பேசினார். பாதி மேசைமேல் விழுந்தது.

"என்ன பங்காளி, காயா முட்டையா அது? தடவிக்கிட்டே இருக்கே?"

எவாரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டு கடைசிக் காயை வலது கையால் அறைந்தார். காய் விரிசல் விட்டது. கை முழுசாக இருந்தது. யோகாஸ்தா நிம்மதியாக அவரை முத்தமிட்டுப் பேருந்தில் ஏறினாள்.

அவளை வழியனுப்ப அதே கையைத் தூக்கி லேசாக ஆட்டினார். 'டக்.'

மணிக்கட்டுக்கு மேலே கை, திருகிய கோழிக்கழுத்தாகத் தொங்கித் தானாகவே ஆடியது. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜன்னலிலிருந்து மகள் கத்தினாள்: "போதும்ப்பா, கை வலிக்கப் போவுது."

"இதுக்கெல்லாமாடி வலிக்கும்?"

பேருந்து மறைந்ததும் நிகானோர் அந்தக் கைக்கு மருந்து வைத்துக் கட்டினார்: ஊசிப்போன ஆட்டுக்கொழுப்பு, தானே மென்று துப்பிய புகையிலை.

"நாறுதுடா, பாவி."

"செத்தா இதைவிட நாறுவே. பேசாம இரு."

மூன்று வாரம் ஈக்கள் மட்டுமே அவர் பக்கத்தில் உட்கார்ந்தன. மகளுக்கு ஒன்றும் தெரியாது. எவாரிஸ்தோ சான் பெத்ரோவிலேயே இருக்கிறார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: பத்தொன்பது வயதிலேயே கரும்பாலை உருளையில் சிக்கி, அவருடைய வலது கை தோளோடு போய்விட்டது.