ஷிப்ட் விடும் நேரம்

எழும்பூர் மியூசியத்தின் மாடிப்படியில் அனுசுயா அண்ணி ஒரு நிமிடம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"படத்துல நெஜமாவே அவரு கீறாரா, அருளு?"

"மனோகரண்ணன் கண்ணால பாத்துட்டுதான் போன் பண்ணாரு அண்ணி. அவரு கூட வேல செஞ்சவராச்சே."

"அந்தாளு மூக்குக்கண்ணாடிய நெத்தில ஏத்திகினு ஊடெல்லாம் தேடுவாரு" என்றாள்.

என் அண்ணன் வெற்றிச்செல்வன் கம்பெனி பிரஸ் மெஷினில் அடிபட்டு இறந்துபோனபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணிக்கும் அவருக்கும் கல்யாணமாகி ஏழு மாதம். சுவரில் மாட்டிய படம் 2015 வெள்ளத்தில் போனது; இருந்த ஒரே ஆல்பமும் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது முகங்கள் தோலாக உரிந்து வந்தன. அதிலிருந்து வருஷா வருஷம் வெறும் ஆணிக்குக் கீழேதான் படையல் போடுகிறோம்.

உள்ளே புகைப்படக் கண்காட்சியில் கூட்டமில்லை. துறைமுகக் கூலிகள், பஞ்சாலைப் பெண்கள், எல்லாம் கறுப்பு வெள்ளை. கடைசிச் சுவரில் அது இருந்தது. 'ஷிப்ட் விடும் நேரம், அம்பத்தூர், 1991.' கம்பெனி கேட்டிலிருந்து சைக்கிள்களோடு ஆட்கள் வெளியே வருகிறார்கள். முன்னால் இரண்டு பேர், தோளில் கைபோட்டபடி. இடப்பக்கத்தில் இருந்தவரைப் பார்த்ததும் கிட்டே போனேன். காதுக்கு மேல் படிந்த அந்தச் சுருள்முடி. என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அம்பத்தூரிலிருந்து பாடி வரை மிதித்த அண்ணன்.

அண்ணி படத்தை நெருங்கினாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். இத்தனை வருஷமாக அவள் வைத்துக்கொள்ளாத குங்குமம். விரலில் தொட்டு, வீட்டில் செத்தவர் படத்துக்கு வைப்பதைப் போல, கண்ணாடி மேல் நெற்றிக்கு நேராக வைத்தாள்.

வலப்பக்கத்து ஆளின் நெற்றியில்.

"யம்மா! இன்னாமா இது, கோயிலா?" காவலுக்கு இருந்த பெண் ஓடிவந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரும்மா."

அந்தப் பெண்ணின் குரல் இறங்கியது. "என்னியதான் திட்டுவாங்க" என்று துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். முகத்தில் வெட்கம் மாதிரி ஏதோ இருந்தது. "போன்ல எடு அருளு. பெருசாக்கி ஆணில மாட்டணும். அவரு மட்டும் வர்ற மாறி எடு."

போனை எடுத்தேன். மனோகரன் பெயர் மேலேயே இருந்தது. எந்தப் பக்கம் அண்ணன் என்று ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டால் போதும். ஏழு மாதம் கூட வாழ்ந்தவள் அவள். நான் அப்போது ஒன்பது வயதுக்காரன். எங்களில் யார் மறந்தது?

கேமராவைத் திறந்தேன். துணி போன வழியில் குங்குமம் கலைந்து, ஒரு நெற்றியிலிருந்து இன்னொரு நெற்றி வரை மங்கலாக இழுபட்டுக் கிடந்தது.