எல்லைக்கோட்டுக்குக் கீழே ஒரு ஒட்டகச்சிவிங்கி

கார் பட்டறை பெயிண்டருக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. தன் கை பட்ட இடம் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது என்பான். இருபத்திரண்டு வருடமாகக் கீறல்களை மறைத்துச் சம்பாதித்த பெயர் அது. அதனால்தான் அவனுடைய அக்கா, "ஞாயித்துக்கிழமை சுவர்ல படம் வரையப் போறேன், வந்து ஏணியைப் பிடி" என்றபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அக்கா ஆஸ்பத்திரி நர்ஸ். போன மாதம்தான் ஓய்வு பெற்றாள். தோளில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. ரயில் பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று நகராட்சி அனுமதித்ததைக் கேட்டதும், நான்கு ஸ்ப்ரே டப்பாக்களை வாங்கி வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சுவர் முன்னால் நின்றார்கள். அக்கா மஞ்சள் டப்பாவைக் குலுக்கி, நீளமாக நாலு கால்களை இறக்கினாள். அதற்கு மேல் ஒரு வயிறு. அதோடு கை நின்றுவிட்டது.

"மீதியை நீ வரைடா."

"நானா? எனக்கு வட்டம்கூட ஒழுங்கா வராதுக்கா."

"தினமும் பெயிண்ட் அடிக்கிறவன்தானே?"

"அடிப்பேன். வரையமாட்டேன்."

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து வேணும். ஏறு."

ஏறினான். பட்டறையில் ஸ்ப்ரே துப்பாக்கி அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்த டப்பா கேட்கவில்லை. முதல் அழுத்தலிலேயே பெயிண்ட் வழிந்து ஓடியது. பழக்கதோஷத்தில் துணியை எடுத்துத் துடைக்கப் போனான்.

"தொடாதே!" என்று கீழிருந்து ஒரு அதட்டல். வார்டையே அடக்கி வைத்த குரல். துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

கழுத்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வந்த தலை கழுதையுடையது. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று, "கழுதை ஏங்க இவ்வளவு உயரம்?" என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டார்.

அவர் போனதும் நகராட்சி மேற்பார்வையாளர் வந்தார்.

"வெள்ளைக் கோட்டைப் பார்க்கலையா? அதுக்கு மேல ரயில்வே இடம். தலையை அழிச்சிடுங்க."

கோடு இருக்கத்தான் செய்தது. அக்கா சண்டைக்கு வாயெடுத்தாள். அவன் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, வண்டியில் கிடந்த சாம்பல் பெயிண்டையும் வெள்ளையையும் ஒரு துளி பழுப்பையும் கலந்தான். அரை மணி நேரத்தில் தலையும் கழுத்தும் போயின. மேற்பார்வையாளர் சுவரை உற்றுப் பார்த்தார்.

"அடேயப்பா, இங்க ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆக்கிட்டீங்களே!"

அவனுக்கு அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை. ஏனென்று அப்போது யோசிக்கவும் இல்லை. தலையில்லாத உடம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, யாரும் சொல்லாமலே மஞ்சள் டப்பாவை எடுத்தான். கோட்டைத் தொடும் இடத்தில் கழுத்தை வளைத்து, தரையை நோக்கி இறக்கினான். இந்தத் தலை பரவாயில்லை. கண்ணும் வைத்தான். பெயிண்ட் வழிந்தது. துடைக்கவில்லை.

"என்னடா பண்ணுது அது?" என்றாள் அக்கா.

"சாவியைத் தொலைச்சிடுச்சு. தேடுது."

அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அங்கே வலிக்கும்.

பத்து நாள் கழித்து அந்த வழியாக வண்டியில் போனபோது ஒட்டகச்சிவிங்கி இல்லை. அதன்மேல் யாரோ நீல நிறத்தில் பெரிய பெரிய எழுத்துகள் எழுதியிருந்தார்கள். ஓரமாக நிறுத்தி அக்காவுக்குப் போன் செய்து சொன்னான்.

"யாரு வேலை?"

"தெரியலக்கா. ஆனா ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. நல்ல கை."

மறுமுனையில் டப்பா குலுக்கும் சத்தம் கேட்டது.

"சரி, அடுத்து என்ன வரையலாம்?"

"முதலை. அது படுத்தேதான் கிடக்கும். முழுசா நீயே வரைஞ்சிடலாம்."

"அப்ப நீ எதுக்கு?"

"பல்லை மட்டும் எனக்கு விட்டுடு."