மருமகள் காட்டிய நான்கு டிகிரி

சாரி-கெச்சூ கலாசார மாளிகையின் புதுத் தரை சரிந்து கிடக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கல்யாண ஆட்டம் வாசல் பக்கம் தொடங்கினால், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மொத்தக் கூட்டமும் மேடையோரம் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். மேடைக்கு முன்னால் போடும் மேசை நாற்காலிகளின் காலுக்கு அடியில் மடித்து வைப்பதற்கென்றே மாளிகையில் ஓர் அலமாரி நிறைய அட்டை இருந்தது. ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பழைய மாளிகையோடு பின்பக்கத்தைச் சேர்த்துக் கட்டிய காண்ட்ராக்டர் தொலகோன், மாவட்டத் தலைவரான அக்கிமின் மச்சான். அக்கிமின் மச்சான் கட்டியது எப்படிக் கோணலாகும்?

வாசலுக்கு எதிர்க்கோடிதான் மரியாதைக்குரிய இடம். பெரிய மனிதர்களை அங்கேதான் உட்காரவைக்க வேண்டும். தரை மிக மோசமாகச் சரிந்ததும் அங்கேதான். ஆகவே பெரிய மனிதர்கள் எல்லோரும் இரண்டு வருஷமாகக் கொஞ்சம் சாய்ந்தே உட்கார்ந்து பழகிவிட்டார்கள்.

அதை முதன்முதலில் வெளியே சொன்னது மருமகள்தான்.

இந்த மருமகள் மனுஷி இல்லை. இடுப்பு உயர ரோபோ. மூன்று சக்கரம், தலையில் ஒரு தட்டு, நெஞ்சில் உள்ளங்கை அளவு திரை. விருந்தாளி முன்னால் தேநீரோடு போய் நிற்கும், எடுக்கும்வரை காத்திருக்கும், எதிர்த்துப் பேசாது. கிர்கிஸ் வீடுகளில் இதெல்லாம் மருமகளின் வேலை என்பதால் அந்தப் பெயர். அதைச் செய்தவள் புருல். நாற்பத்து மூன்று வயது. தபால் ஆபீசில் பார்சல் கவுண்டர், வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக அசல் மருமகள்.

தேநீர் ஊற்றுவதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் மரியாதை. கிண்ணத்தை நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று அர்த்தம். கல்யாணமான முதல் வாரம் கை தவறி அவள் கணவனின் பெரியப்பாவுக்குத் தளும்பத் தளும்ப ஊற்றிவிட்டாள். அவர் குடித்துவிட்டு எழுந்து போனவர், பதினோரு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கைக்குப் பாதி என்றால் பாதிதான்.

ரோபோவைச் செய்ய அவளுக்குத் துணை சகின். டிவி மெக்கானிக், அவளைவிட ஆறு வயது இளையவன். மார்ச் மாத நவ்ரூஸ் விழாவில் மருமகள் வாசற்படி தட்டி, மாளிகை இயக்குநர் ஒஸ்மோனின் கால்சட்டையில் தேநீரைக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் இருவரும் சீனாவிலிருந்து சென்சார் வரவழைத்தார்கள். கோட்டுப் பொத்தான் அளவு சாமான். புருலின் கவுண்டருக்கே வந்து சேர்ந்தது. எந்தப் பக்கம் சாய்கிறோம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். உடம்பு எப்படிச் சாய்ந்தாலும் தட்டை மட்டும் இரண்டு குட்டி மோட்டார் நேராகப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை. சுவிட்சைப் போட்டதும் பத்து விநாடி அசையாமல் வைக்க வேண்டும். அப்போது எப்படி நிற்கிறதோ, அதையே அது நேர் என்று எடுத்துக்கொள்ளும். அதுதான் அதன் பூஜ்யம்.

ஒத்திகை நாளில் மருமகளை வாசலருகே, பழைய மரத்தரையில் வைத்து சுவிட்சைப் போட்டார்கள். அது அழகாக உருண்டு போனது. புதுத் தரையில் ஏறியதும் உடம்பு முன்னால் சாய்ந்தது, தட்டு சாயவில்லை. நெஞ்சில் 4 என்று எழுதிக் காட்டியது.

"என்ன எஜே இது, நாலுங்குது?" என்றார் ஒஸ்மோன். அக்காவை எஜே, அண்ணனைப் பைகே என்பதுதான் வழக்கம். காரியம் ஆக வேண்டுமென்றால் ஒஸ்மோனுக்கு எல்லாப் பெண்களும் அக்காதான்.

"நாலு டிகிரி சரிவு."

"எது சரிவு?"

"தரைதான்."

ஒஸ்மோன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எஜே, மெஷினச் சரிபண்ணுங்க."

"மெஷின் சரியாத்தான் இருக்கு, பைகே. தரையச் சரிபண்ணச் சொல்லுங்க உங்க காண்ட்ராக்டர."

"அடுத்த வாரம் பிஷ்கெக்லேர்ந்து துணை அமைச்சர் வராங்க. இப்பப் போயி தரையத் தோண்டறதா? உங்களுக்கு அந்த ரூமு வேணுமா வேண்டாமா?"

அங்கேதான் புருல் வாயை மூடிக்கொண்டாள். மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. வெந்நீர்க் குழாய் ஓடும், குளிர்காலத்திலும் சட்டையோடு உட்காரலாம். அவளும் சகினும் அதுவரை அவனுடைய கார் ஷெட்டில்தான் வேலை செய்தார்கள். ஜனவரியில் அங்கே விரல் விறைத்துப்போய், ஈயம் பற்றவைக்கும் கம்பியிலேயே கையைச் சூடேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். துணை அமைச்சர் வந்து போனதும் அந்த அறைக்குக் கையெழுத்துப் போடுவதாக அக்கிம் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தன்னிடம் யாரும் தேநீர் கேட்காத ஓர் இடம். அந்த அறைமேல் புருலுக்கு இருந்த ஆசை, வெளியே சொன்னால் வெட்கக்கேடு என்னும் அளவுக்குப் பெரிது.

மறுநாளே விசாரணைக் கமிஷன் கூடியது. ஒஸ்மோன், தொலகோன், அக்கிமின் டிரைவர் என்று மூன்று நிபுணர்கள். தொலகோன் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. சகின் அதை எடுத்துச் சுவரில் செங்குத்தாகப் பிடித்துப் பார்த்தான். அப்போதும் நடுவில்தான் நின்றது. தலைகீழாகவும் பிடித்தான். குமிழி தன் கொள்கையிலிருந்து மாறவில்லை.

"விளையாடாத, குடு," என்று தொலகோன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

கமிஷன் அரைப் பக்கத்தில் தீர்ப்பு எழுதியது. தரை திருப்திகரம், நேர் எது என்பதில் ரோபோவுக்கு உள்ள கருத்து மாவட்டத்தின் கருத்தோடு ஒத்துப்போகவில்லை, உடனடியாகத் திருத்தப்பட வேண்டும். டிரைவர் பேனாவை வாங்கிக் கடைசியில் ‘ஏகமனதாக’ என்று சேர்த்தார்.

புருல் திருத்தினாள். மருமகளைச் சரிவின்மேல் நிறுத்தி, சுவிட்சை அணைத்துப் போட்டு, பத்து எண்ணினாள். திரையில் 0 வந்தது. மூன்று நிபுணர்களும் கைதட்டினார்கள். நேர்த்தரைக்குப் போனால் அது தட்டைக் கோணலாகப் பிடித்தது, கிண்ணம் வழிந்தது. அதற்கும் ஒஸ்மோனிடம் வழி இருந்தது.

"பாதிக் கிண்ணம் ஊத்துனா வழியாதுல்ல? பாதிதான மரியாதை! ரெண்டும் ஒண்ணாப் போச்சு பாருங்க!"

ஷெட்டுக்குத் திரும்பும் வழியில் சகின் மருமகளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். "டிவியில கலர் தப்பா வந்தா நான் டிவியத்தான் ரிப்பேர் பண்ணுவேன், எஜே. பாக்கறவன் கண்ண இல்ல," என்றான்.

"எனக்கு மட்டும் இனிக்குதா? ஒரு நாள் கூத்து. ரூமு கிடைச்சதும் மறுபடி சரியா வெச்சுக்கலாம்," என்றாள் புருல். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் எரிச்சலாக வந்தது.

துணை அமைச்சர் கன்ஷாயிம் வந்த அன்று மாளிகை நிரம்பி வழிந்தது. குட்டை முடி, சிரிக்காத முகம், கையில் ஒரே ஒரு பேனா. அவரை மரியாதை இடத்தில் உட்காரவைத்தார்கள். மேசையில் மலைபோலப் பூர்சோக் பலகாரம். மேசையின் கால்களுக்கு அடியில் எட்டு மடிப்பு அட்டை. சரிவையே நேரென்று நம்பிய மருமகளைப் புருலும் சகினும் வாசலருகே தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அக்கிம் எழுந்தார்.

"அம்மா, இந்த மாளிகைத் தரையப் பத்திச் சில பேரு பொறாமையில என்னென்னவோ பேசறாங்க. நான் பதில் சொல்லல. இப்ப ஒரு மெஷின் வரும், அது சொல்லும். எங்க ஊர்ப் பொண்ணு செஞ்சது. மனுஷனுக்குச் சொந்தபந்தம் உண்டு, மெஷினுக்கு உண்டா? அது பூஜ்யம்னு காட்டுச்சுன்னா பூஜ்யம்தான்! அதப் பாத்துட்டு நீங்க அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். ஆத்தங்கரையில ரெண்டு மாடி, எம்பது பிள்ளைங்களுக்குப் பாலர் பள்ளி. இதே தொலகோன்தான் கட்டப்போறாரு."

தொலகோன் எழுந்து நெஞ்சில் கைவைத்து நாலாபக்கமும் தலை தாழ்த்தினார். கூட்டம் கைதட்டியது.

புருலுக்கு இது புதுச் செய்தி. பாலர் பள்ளியைப் பற்றி அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை. ஒரு நாள் கூத்து என்று நினைத்துத் தான் வைத்த பூஜ்யத்தின்மேல் இவர்கள் இரண்டு மாடி கட்டப்போகிறார்கள். எண்பது பிள்ளைகள். மாளிகைத் தரை சரிந்த அதே ஆற்றங்கரைக் களிமண். அந்தக் குமிழி அசையாத ரசமட்டம்.

அவள் குனிந்து மருமகளின் சுவிட்சை அணைத்தாள். பழைய மரத்தரையில் நேராக நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

"எஜே, என்ன பண்றே?" என்றான் சகின்.

"பத்து எண்ணு."

"ரூமு போயிரும்."

"எண்ணுடா."

சகின் எண்ணினான். அவன் குரலில் ஏழுக்கு மேல் ஒரு குஷி வந்துவிட்டது. திரையில் 0 தெரிந்தது. இந்த முறை அது உண்மையான பூஜ்யம்.

புருல் கிண்ணத்தைத் தட்டில் வைத்துப் பால் தேநீரை ஊற்றினாள். பாதி வந்ததும் கை தானாக நின்றது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். அவள் அந்தக் கையை அதட்டினாள். மேலும் ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றி, அதற்கும் மேல் ஒரு சொட்டு விட்டாள்.

"தளும்புது, எஜே," என்றான் சகின் பயந்துபோய்.

"தெரியும். போகட்டும் விடு."

மருமகள் கிளம்பியது. வரிசை ஓரத்துப் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒருத்தி அடுத்தவளின் முழங்கையைக் கிள்ளினாள். பேச்சு வரிசை வரிசையாக அடங்கியது. பிஷ்கெக் விருந்தாளிக்கு, அதுவும் துணை அமைச்சருக்கு, நிறைகிண்ணம்! அக்கிமின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. ஒஸ்மோன் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

புதுத் தரை வந்தது. மருமகளின் உடம்பு முன்னால் சாய்ந்தது. கிழவி குனிந்து நடப்பதுபோல அது நடந்தது. ஆனால் தட்டு அசையவில்லை, ஒரு சொட்டும் வழியவில்லை. போய் மேசை முன்னால் நின்றது. நெஞ்சில் 4 என்று காட்டியது.

கன்ஷாயிம் எண்ணைப் பார்த்தார். தேநீரின் விளிம்பைப் பார்த்தார். அதற்குப் பின்னால் கோணலாக ஓடிய மேடைப் பலகையைப் பார்த்தார். பிறகு குனிந்து மேசைக்கால் அட்டையைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கணும், அம்மா!" ஒஸ்மோன் ஓடிவந்தார். "இது மெஷின். நம்ம பழக்கவழக்கம் அதுக்குத் தெரியாது!"

"ஊத்துன ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் கன்ஷாயிம்.

கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். சூட்டோடு சூடாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பேனாவை மூடினார்.

"நிறைகிண்ணம் வந்தாச்சு, குடிச்சாச்சு. இதுக்கு மேல உக்காந்திருந்தா எனக்கு மரியாதையில்ல." பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தார். "இது என்கிட்டயே இருக்கட்டும். ஆத்தங்கரையப் பாக்க ஒரு இன்ஜினியர் வருவார். ரசமட்டம் அவரே கொண்டுவருவார்."

வாசலருகே வந்தபோது அவர் புருல் முன்னால் நின்றார். காலிக் கிண்ணத்தை மட்டும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கமிஷன் மறுபடி கூடியது. தரையைப் பற்றி ஒரு வரி இல்லை. விருந்தோம்பல் குணமில்லாத ரோபோவை மாளிகைக்குள் விடக்கூடாது என்று ஏகமனதாக எழுதினார்கள். மேடைக்குப் பின்னாலிருந்த அறை தொலகோனுக்குப் போனது, பில்லியர்ட்ஸ் விளையாட. பாலர் பள்ளியை மேட்டுப் பக்கம் வேறொருவர் கட்டத் தொடங்கினார். புருலுக்கு அதில் நிம்மதிதான். ஆனாலும் மாளிகை வழியாகப் போகும்போது அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அந்த அறை கிடைக்காதது அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் நடிக்கவும் இல்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, தொலகோன் ஷெட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார். அந்த வருஷம் புதிதாக வைத்த அடுப்பருகே உட்கார்ந்து, குளிரைப் பற்றியும் குதிரை விலையைப் பற்றியும் பேசினார். அப்புறம் இழுத்தார்.

"எஜே, அந்தப் பொத்தான் மாதிரி ஒரு சாமான் வெச்சிருந்தீங்களே..."

"ஆமா?"

"பில்லியர்ட்ஸ் மேசை வாங்கிப் போட்டேன். நல்ல மேசை. பந்து எல்லாம் ஒரே மூலைக் குழிக்குப் போயி விழுது. தொடறதுக்கு முன்னாடியே விழுது. எவனும் ஆட வர மாட்டேங்கறான். அத வெச்சு அந்த மேசைக்கு ஒரு பூஜ்யம் போட்டுக் குடுங்களேன்."

"உங்க ரசமட்டம் என்ன சொல்லுது, பைகே?"

தொலகோன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அது நேருன்னுதான் சொல்லுது," என்றார்.

சகின் திரும்பி நின்றுகொண்டு இருமினான். அது இருமல் இல்லை.

புருல் எழுந்து கிண்ணத்தைத் துடைத்தாள். தேநீர் ஊற்றினாள். பாதியில் கை நிற்கவில்லை. தளும்பத் தளும்ப நிறைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

தொலகோன் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெல்லத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தொடங்கினார்.